தூக்கத்தில் சொன்ன ஆமாங்க

பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்தபடி, பல்லைக் குடையும் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிப்போனேன். என் நோய் அங்கேதான் பிடிபட்டது. அந்த நாற்காலியில் ஏறினால் வந்த தூக்கமும் ஓடிப்போகும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது தொட்டில் மாதிரி இருந்தது.

கண் விழித்தபோது கருவி நின்றிருந்தது. டாக்டர் சின்னப் பெண், முப்பது வயது இருக்கலாம். முகமூடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குறட்டை விட்டீங்கம்மா. நடுவுல கொஞ்ச நேரம் மூச்சே வரலை. நான் பயந்துட்டேன்” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துக் குறட்டை விட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்வார்களா? வெயிலில் பஸ் பிடித்து வந்த அசதி என்றேன். அவர் விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். கையில் கண்ணாடியைக் கொடுத்து நாக்கின் ஓரத்தைக் காட்டினார். பல் பதிந்த தடங்கள் வரிசையாக இருந்தன. கீழ்த்தாடை கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது, நாக்குக்கு இடம் போதவில்லை, தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்த்திருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்.

“காலையில எழுந்திரிக்கும்போது தலை வலிக்குமாம்மா?”

“வலிக்கும்.”

“வாய் காஞ்சு போயிருக்குமா?”

“நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.”

“தூங்கக் கூடாத இடத்துல எங்கேயாவது தூங்கியிருக்கீங்களா?”

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். பல்வலிக்கு அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று அவர் திகைத்துத்தான் போயிருப்பார்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. வெண்ணாற்றை ஒட்டிய ஓர் ஊரில் நாலு மா நிலத்தை (ஒன்றேகால் ஏக்கரை விடக் கொஞ்சம் கூடுதல்) குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். நிலம் பண்ணை வீட்டாருடையது. என் அப்பா அந்தப் பண்ணையில் கூலியாளாக இருந்து, பிறகு அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது, சிவப்புக் கொடிக்காரர்கள் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பதிய வைத்தார்கள். அப்பாவுக்குப் பிறகு அம்மா பெயர், அம்மாவுக்குப் பிறகு என் பெயர். எங்கள் தெருமுனையில் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பங்களும் மாறி மாறிப் புதுப் பெயின்ட் வாங்கிக்கொண்டன. ஆட்சிகள் வந்தன, போயின. பதிவேட்டில் எங்கள் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. இந்த ஊரில் நாங்கள் யார் என்பதற்கு எங்களிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் கயல்விழி, கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள், பள்ளி ஆசிரியை. வீட்டில் நான் தனி. அதனால் என் குறட்டைக்குச் சாட்சி இல்லை.

தூக்கம் என்னைப் பிடித்து எட்டு வருஷம் இருக்கும். அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் கலங்கல் தண்ணீருக்குள் பார்ப்பது போல இருக்கிறது. களையெடுத்துக்கொண்டே தூங்குவேன். கை பிடுங்கிக்கொண்டிருக்கும், நான் வேறெங்கோ இருப்பேன். கணவர் வரப்பில் நடந்து வருவார். மழையில் நனைந்த சட்டையின் வாசம்கூட வரும். என்ன, இந்த நேரத்துல வந்துட்டீங்க என்று கேட்க நிமிர்ந்தால் வரப்பு வெறுமையாக இருக்கும், என் கையில் களைக்குப் பதில் நல்ல பயிர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி காலையில் வந்து சொன்னதாக நான் நினைத்திருந்த சேதியைப் பற்றி அவளிடமே கேட்பேன். அவள் விழிப்பாள். எது நடந்தது, எது கண்டது என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

வெயில் என்றார்கள். மாதவிலக்கு நிற்கும் வயசு என்றார்கள். உடம்பு பெருத்துவிட்டது என்றார்கள், அதுவும் உண்மைதான். நான் கண்ட வைத்தியம் சீவல். எங்கள் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் மடியில் வெற்றிலை, சீவல் இல்லாமல் இருக்காது. வாய் அசைந்துகொண்டிருந்தால் கண் மூடாது என்று கணக்கு. நான் சீவலைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு நாள் கடைவாய்ப் பல் பாதி உடைந்து கையில் வந்தது. அந்தப் பல்லுக்காகத்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். சீவல் என் வாயைக் கெடுத்ததும் உண்மை, டாக்டரிடம் கொண்டுபோய் விட்டதும் உண்மை. இப்போது விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

டாக்டர் கேட்ட அந்தத் தூங்கக் கூடாத இடம், தாலுகா அலுவலகம்.

பண்ணை வீட்டுப் பேரன் சென்னையில் இருக்கிறார். அவருடைய காரியஸ்தர் (நிலத்தை மேற்பார்க்கும் ஆள்), நான் நிலத்தை என் விருப்பப்படியே விட்டுவிட்டேன், பதிவேட்டில் பெயரை நீக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன். காலை பத்து மணிக்குப் போனவளை மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டு மின்விசிறிக்குக் கீழே நிற்க வைத்தார்கள்.

அடுத்து நான் நின்றது எங்கள் வாய்க்கால் தலைப்பில். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வருகிறது. சருகும் செத்த நண்டும் யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் மிதந்து வருகின்றன. கரையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஏதோ கேட்கிறார். என்ன கேட்டால் என்ன, தண்ணீர் வந்துவிட்டது. ஆமாங்க என்கிறேன். மறுபடி கேட்கிறார். ஆமாங்க. தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறது. அப்படி ஒரு குளிர்ச்சி.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள், படித்துப் பார்க்காமலே போட்டேன். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் வாக்குமூலத்தின்படி தங்கள் பெயர் நீக்கப்பட்டது என்று இருந்தது. நிலத்தை விட்டுவிட்டீர்களா என்று அதிகாரி கேட்டிருக்கிறார், இரண்டு முறை கேட்டிருக்கிறார், நான் இரண்டு முறையும் ஆமாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்டாலும் ஆமாங்க என்று சொல்லத்தான் எங்கள் பெரியவர்கள் பழகியிருந்தார்கள், எங்களையும் பழக்கினார்கள். விவரம் தெரிந்த நாளில் நான் அதை விட்டுவிட்டேன். ஊரில் எனக்கு வாயாடி என்றே பெயர். முழித்திருக்கும்போதுதான் விட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மேல்முறையீடு போட்டோம். வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “தூங்கிட்டேன்னு சொன்னா கோட்டாட்சியர் சிரிப்பாரும்மா. ஆதாரம் எதாவது வச்சிருக்கீங்களா?”

இதையெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே பல் டாக்டரிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, வியாதியா இருக்கலாம். நான் சந்தேகப்படத்தான் முடியும், முடிவு சொல்ல முடியாது. நுரையீரல் டாக்டர் ஒருத்தருக்கு எழுதித் தரேன், அவசியம் போங்க” என்றார். பிறகு, “இந்தப் பல்லைப் பிடுங்க வேணாம். வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்திடலாம். பின்னால வேலைக்கு ஆகும்” என்றார். பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நுரையீரல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது. யாரும் இல்லை என்றேன். கயல் விடுமுறை போட்டு வந்து ஓர் இரவு என் பக்கத்தில் இருந்தாள். காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனில் பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். மரம் அறுப்பது போல் ஒரு சத்தம். திடீரென்று ஒன்றுமே இல்லை. அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருபவள் போல ஒரு திணறல். அது நான் என்று நம்பவே முடியவில்லை.

“இப்படித்தாம்மா ராத்திரி பூரா. எத்தனை வருஷமா இப்படி இருக்கியோ” என்றாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சு, இதயத் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆகியவற்றை ஒயர் பொருத்தி அளப்பது) செய்தார்கள். தடைசார் தூக்க மூச்சடைப்பு என்று பெயர் சொன்னார்கள் (தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு வழி மூடிக்கொள்வது). எனக்கு மணிக்கு இருபத்திரண்டு முறை. நடுத்தரம் என்றார் டாக்டர். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளை பதறிப்போய் நம்மை எழுப்பிவிடுகிறதாம். எழுந்தது நமக்கு நினைவிருக்காதாம். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் நான் தூங்கியிருக்கவில்லை. பகலில்தான் அந்தத் தூக்கம் தன் பாக்கியை என்னிடம் வசூலித்துக்கொண்டது.

“வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? அப்பா, அம்மாவுக்கு?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகம் வந்து நின்றது. மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி, நின்றபடியே தூங்குகிற அப்பா. தூங்குமூஞ்சி என்பதுதான் பண்ணையில் அவருக்குப் பெயர். ஒரு முறை அன்றைய காரியஸ்தர் வயல் சேற்றை ஒரு சட்டியில் அள்ளி அப்பாவின் தலையில் ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எட்டு வயது. நானும் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மத்தியானம் களத்துமேட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கொடுத்துவைத்தவன், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான் என்றார்கள்.

இதுதான் காரணம் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொல்ல முடியாதுதான். நான் சொல்வேன். என் அப்பா சோம்பேறி இல்லை. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அவருக்காக நான் அழுத மாதிரி, அவர் செத்த அன்றுகூட அழவில்லை.

சிகிச்சைகளைப் பற்றி இனி சொல்கிறேன். இதற்காகத்தான் பலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

முதலில் கொடுத்தது சிபாப் கருவி (மூக்கில் முகமூடி மாட்டி, அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டையைத் திறந்தே வைத்திருப்பது). கைகண்ட மருத்துவம் அதுதான், நோய் கடுமையாக இருப்பவர்கள் அதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் சம்பந்தி அதைப் போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்குகிறார். எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு மாதம் முட்டி மோதிப் பார்த்தேன். முகமூடியை மாற்றினார்கள், அழுத்தத்தைக் குறைத்தார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால் கருவி நின்றுவிடும், நான் திணறி எழுந்திருப்பேன். கரண்ட் இருக்கும் இரவுகளில் என்னையறியாமல் கழற்றி வீசிவிடுவேன். காலையில் அது கட்டிலுக்கடியில் கிடக்கும்.

அறுவை சிகிச்சை உண்டா என்று கேட்டேன். உள்நாக்குப் பக்கத்துச் சதை பெருத்தவர்களுக்கும், மூக்குத் தண்டு வளைந்தவர்களுக்கும், தாடை அமைப்பு மிகவும் கோணலானவர்களுக்கும் சில வகைகள் உண்டு, உங்களுக்கு அது தேவையில்லை என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார். மல்லாந்து படுக்கக் கூடாது என்றார். கயல் என் ரவிக்கை முதுகில் பை தைத்து அதில் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டாள். புரண்டு படுத்தால் குத்தும். மகள் தாய்க்குச் செய்கிற காரியமா இது என்று திட்டிக்கொண்டே படுத்தேன், ஆனால் பலன் இருந்தது.

பிறகு நுரையீரல் டாக்டரே என்னைப் பல் டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். பல் வேலைக்கு ஆகும் என்று அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஒரு வாய்க்கருவி இருக்கிறதாம் (மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு அச்சுகள், நடுவில் திருகு). தாடை முன்னால் வந்தால் நாக்கும் முன்னால் வரும், மூச்சு வழி திறக்கும். அதைப் பிடித்துக்கொள்ள உறுதியான பற்கள் வேண்டும். பல் இல்லாதவர்களுக்கும் ஈறு கெட்டவர்களுக்கும் சரிப்படாது. நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து, முகமூடி ஒத்துவராதவர்களுக்கு இது ஒரு வழி. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் வகையும் உண்டு, அதை நம்பி வாயைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

மாவு போன்ற ஒன்றை வாயில் வைத்து அச்செடுத்தார். இரண்டு வாரத்தில் கருவி வந்தது. முதல் வாரம் தலையணை முழுக்க எச்சில். தாடை வலித்தது. காலையில் பல்லும் பல்லும் சேராது, இட்லியைக்கூட யோசித்துத்தான் மெல்ல வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி சொல்லித்தந்தார். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார். மூன்று மாதம் கழித்துக் கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி பரிசோதனை. மணிக்கு ஆறு முறையாகக் குறைந்திருந்தது. இந்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். குறட்டை நின்றால் நோய் நின்றதாக அர்த்தமில்லை.

எண் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் விழித்தேன். தலை வலிக்கவில்லை. ஒரு முழுக் கனவு நினைவில் இருந்தது, தொடக்கமும் முடிவும் உள்ள கனவு. அதில் பெரிதாக ஒன்றுமில்லை, நானும் அம்மாவும் நாற்று முடி கட்டிக்கொண்டிருந்தோம். அதை விட்டு எழுந்ததும் அது கனவென்றும் இது வீடென்றும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுக்காகவே கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை வந்தது. வக்கீல் பரிசோதனை அறிக்கைகளைக் கொடுத்தார். கோட்டாட்சியர் புரட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை.

“நிலத்தை விட்டுட்டீங்களாம்மா?”

“இல்லைங்க. விடலை. போன வாரம்தான் உரம் போட்டேன்.”

“அன்னைக்கு ஏன் ஆமான்னு சொன்னீங்க?”

“தூங்கிட்டேங்க. அந்தக் காகிதத்துல இருக்கிற வியாதி அது.”

எழுத்தர் எழுதிக்கொண்டார். அன்று தாலுகா அலுவலகத்தில் கூட இருந்த காரியஸ்தர் போட்ட பதில் மனுவில், நான் கண்ணைத் திறந்துகொண்டு தெளிவாகப் பேசியதாக இருந்தது. அவர் வந்து அதை நேரில் சொல்ல வேண்டும். கோட்டாட்சியர் அதை நம்பிவிட்டால் என் வியாதிக் காகிதம் எடுபடாது, நிலம் போய்விடும் என்று வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். எங்களை வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். நான், வக்கீல், மறுகோடியில் காரியஸ்தர். அறுபது வயது, குட்டைக் கழுத்து, பருத்த உடம்பு.

மணி இரண்டரை இருக்கும். அவர் தலை சுவரில் சாய்ந்தது. குறட்டை கிளம்பியது. பெஞ்சே அதிர்ந்தது. சட்டென்று நின்றுபோனது.

உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் என் முழங்கையைத் தொட்டு, “கம்முனு இருங்கம்மா. மூணு தடவை கூப்பிட்டு ஆள் வரலைன்னா நமக்கு நல்லது” என்றார் காதோடு.

காரியஸ்தரின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு எம்பி எம்பி அடங்கியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. நான் எண்ண ஆரம்பித்திருந்தேன். பத்து. பதினைந்து. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். இருபது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மாவும் என் பெயரும் அந்த மூச்சுக்கு அந்தப் பக்கம் நின்றன. எனக்கு ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இருபத்தைந்தில் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஐயா, எழுந்திருங்க. உங்களைக் கூப்பிடுறாங்க.”

திணறிக்கொண்டு கண் திறந்தார். நான் யார் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“தூங்கலைம்மா. சும்மா சாஞ்சிருந்தேன்” என்றார்.

“உங்க மூச்சு நின்னு போச்சுங்க. எனக்கும் இதேதான். பல் டாக்டர் பேரு எழுதித் தரேன், போய்ப் பாருங்க.”

வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கதவு திறந்தேதான் இருந்தது. அன்றைக்கு இந்த அம்மா கண்ணைத் திறந்துகொண்டுதான் பேசினாரா என்று கோட்டாட்சியர் கேட்டார். காரியஸ்தர் திரும்பி, வாசல் வழியே என்னை ஒரு தடவை பார்த்தார். 

“கண்ணு மூடித்தாங்க இருந்துச்சு. நான் அதைப் பெருசா நினைக்கலை” என்றார்.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆயிற்று. என் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. காரியஸ்தர் டாக்டரிடம் போனாரா என்று எனக்குத் தெரியாது. வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார்.

இப்போது பகல் எனக்கு மிகவும் நீளமாக இருக்கிறது. மூன்று மணிக்கு வரப்பில் உட்கார்ந்தால் மூன்று மணி முழுதாக இருக்கிறது. கதிர் பால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நடுவில் யாரும் வந்து என்னைக் கூட்டிப்போவதில்லை. கணவர் வருவதில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. இரவில் கருவியை மாட்டும்போது என் தாடை எங்கே இருக்கிறது, நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஐம்பது வருஷம் அவை இருக்கிற நினைப்பே எனக்கு இருந்ததில்லை.

ஆனால் நான் வாழ்ந்ததிலேயே நீளமான நேரம் அந்த பெஞ்சில் எண்ணிய இருபத்தைந்து நொடிதான். உங்கள் வீட்டிலும் குறட்டை விடுகிறவர் ஒருவர் இருப்பார். நடுவில் அது நின்றுபோனால், அப்பாடா என்று திரும்பிப் படுக்காதீர்கள். எண்ணுங்கள்.